மார்பகப் புற்றுநோயும் நம் தாய்மார்களும்



என் தமக்கையார் மார்பிலிருந்த கட்டியை நாணத்தால் ஓராண்டு மறைத்தார். நாங்கள் அறிந்தபோது காலம் கடந்திருந்தது.

பரேல் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998இல் தொடங்கி, இம்மாநகரக் குடிசைப் பகுதிகளில் ஒன்றரை இலட்சம் பெண்களைக் கொண்டு இருபதாண்டு ஆய்வு நடத்தினர். அவர்களுள் பாதிப்பேரைப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் (என்னைப்போல் பத்தாவது படித்தவர்களே!) ஈராண்டுக்கொருமுறை கையால் தொட்டுச் சோதித்தனர். அவ்வாறு சோதிக்கப்பட்டோருள் ஐம்பதும் அதற்கு மேலும் ஆனவரிடையே இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது.

கைக்கே இத்துணைப் பயன்! மாமோகிராம் என்னும் எக்ஸ்ரேயோ கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டியையும் காட்டவல்லது. இன்றைய முப்பரிமாணக் கருவி அடுக்கடுக்காகப் படமெடுப்பதால், திசுக்களிடையே மறைந்திருப்பதும் புலப்படும். அழுத்துகையில் சிறிது வலிக்கும்; சில நொடிகளே. நாற்பது கடந்த தாய்மார்கள் மருத்துவரைக் கலந்து செல்லுங்கள்.

மாதுங்காவிலிருந்து பரேல் இரண்டாம் நிலையம். பயணச்சீட்டுக்கு நானாயிற்று.