முசுவும் பலா மரமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



குறுந்தொகையின் 121ஆம் பாட்டில் கபிலர் ஒரு முசுக்கலையைக் காட்டுகிறார். முசு என்பது கருமுகமுடைய, இலை உண்ணும் குரங்கு. கலை என்பது அதன் ஆண். அக்கலை செம்மையாகப் பாயத் தவறுகிறது. அதனைத் தாங்கிய கொம்பு முறிகிறது. குறி பிழைத்தவன் தலைவன், பசந்தவையோ தலைவியின் தோள்கள் என்று உவமை முடிகிறது. பிழை ஒருவருடையது, துன்பம் வேறொருவருக்கு.

பழந்தமிழர் குரங்கு என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடவில்லை. குரங்கு, முசு, ஊகம் என மூன்றாகப் பிரித்தனர். மூன்றின் பெண்ணும் மந்தி எனப்படும் என்று தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. குட்டி, மகவு, பிள்ளை, பறழ், பார்ப்பு என அவற்றின் இளமைக்கு வழங்கும் பெயர்களையும் அது தொகுத்துத் தருகிறது. பார்த்துப் பழகிய கண்ணுக்கே இத்தனை பெயர் வேண்டியிருக்கும்.

அந்த முசுவின் உறவினமொன்று இலங்கைத் தீவில் மட்டுமே வாழ்கிறது. ஊதாமுக முசு என்று அதனை அழைக்கலாம். உடல் கரும்பழுப்பு, முகம் ஊதா கலந்த கருமை, அதனைச் சுற்றி வெளிறிய தாடி. சிங்கள மக்கள் கலு வந்துரா, அதாவது கருமந்தி, என்பர். 1777இல் எர்க்ஸ்லேபன் அதற்கு இட்ட இலத்தீன் பெயருக்குக் கிழம் என்பது பொருள். மேற்குத் தாழ்நில வகைக்கு 1833இல் பென்னெட் இட்ட பெயர் நெஸ்டர்; ஹோமரின் காவியத்தில் வரும் முதிய அரசனின் பெயர் அது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் நீலகிரிக் கருமந்தி இதற்கு மிக நெருங்கிய சுற்றம். பனியூழிக் காலங்களில் கடல் தாழ்ந்தபோது இரு நிலங்களும் ஒன்றாயிருந்தன. கடல் உயர்ந்தபின் தீவிலிருந்தது தனியினமாக நின்றுவிட்டது.

இவ்வினத்தில் நான்கு வகைகள் உண்டு. நுவரெலியா, ஹோட்டன் சமவெளி போன்ற குளிர்மலைகளில் அடர்ந்த மயிருடன் வாழ்வது ஒன்று; வடக்கின் உலர்வலயக் காடுகளில் வாழ்வது ஒன்று; தெற்கின் மழைக்காட்டைச் சார்ந்தது ஒன்று. நான்காவதே நெஸ்டர். முழு இனமும் அருகிவருவதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டுள்ளது. நெஸ்டரோ அழிவின் விளிம்பில் நிற்பது. உலகில் மிகுந்த ஆபத்திலுள்ள 25 முதனிகளின் பட்டியலிலும் அது பன்முறை இடம்பெற்றது.

காரணம் எளியது. நெஸ்டரின் தாயகமும் கொழும்பு மாநகரும் ஒரே நிலம். நகருக்குக் குடிநீர் தரும் கலட்டுவாவ, லபுகம நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த காடுகள் போன்ற சில ஒதுக்கிடங்கள் எஞ்சியுள்ளன. மற்றபடி அதன் காடு வீட்டுத் தோட்டங்களே. பலா, மா, ஈரப்பலா, முருங்கை என மனிதர் தமக்காக நட்ட மரங்களில் அது உண்டு, உறங்கி, குட்டி ஈன்று வாழ்கிறது. ஓர் ஆணும் சில மந்திகளும் பறழ்களும் கொண்ட குடும்பம் அது. விடியலில் ஆண் எழுப்பும் உரத்த குரல் அடுத்த கூட்டத்துக்கு எல்லையை அறிவிக்கும்.

அதன் வயிறு பல அறைகளாகப் பகுக்கப்பட்டது. அங்கே நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கவைத்துச் செரிக்கச் செய்கின்றன. ஆயினும் பாணந்துறை, பிலியந்தலைத் தோட்டங்களில் ஜினி டெலா நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு, இந்த இலையுண்ணி அங்கே பழங்களைப் பெரிதும் நம்பி வாழ்வதைக் காட்டியது. பற்பல மரங்களின் தளிரைத் தேர்ந்துண்ட உயிர், இன்று ஒருசில மரங்களின் தயவில் இருக்கிறது.

அவற்றுள் தலையாயது பலா. அதே பாணந்துறையில் பிறந்த ஆர்தர் வி. டயஸ், 1915ஆம் ஆண்டுக் கலவரக் காலத்தில் சிறையிருந்தவர். மக்கள் பசியின்றி வாழவேண்டுமென நாடெங்கும் பலாக்கன்று நடும் இயக்கத்தை நடத்தினார். மக்கள் அவரைப் பலா மாமா என்று பொருள்படக் கொஸ் மாமா என அழைத்தனர். மனிதப் பசிக்காக அவர் வளர்த்த மரம் முசுவின் பசியையும் ஆற்றியது. பலாவை அனுமதியின்றி வெட்டலாகாதென 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டல் கட்டுப்பாட்டுச் சட்டமும் கூறுகிறது.

ஆனால் காணிகள் துண்டாகின்றன, வீடுகள் நெருங்குகின்றன, மரம் வீழ்கிறது. ஒரு மரம் வீழ்ந்தால் இரு மரங்களுக்கு இடையிலான வழி அறுகிறது. முசு நிலத்தில் நடக்க விரும்பாத உயிர். இறங்கினால் நாயும் வாகனமும் காத்திருக்கின்றன. இறங்காவிடில் மின்கம்பியே கொம்பாகிறது. கபிலரின் மலையில் கொம்பு முறிந்தது. இங்கே கொம்பு முறிவதில்லை, பற்றிய முசுவே மடிகிறது. மரத்தை வெட்டியவர் பிழைக்கு மந்தியும் அதன் வயிற்றைப் பற்றிய மகவும் விலை கொடுக்கின்றன. கூரை ஓடு உடைந்தவருக்கும் காய் இழந்தவருக்கும் குறை உண்டு. ஏழை வீட்டில் ஓர் ஓடும் பொருள்தான். அக்குறையைக் கேளாமல் முசுவைக் காக்க இயலாது. காவற்காட்டின் வேலிக்குள் அல்ல, அவர்தம் முற்றத்தில்தான் அது வாழ்கிறது.

2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் நாடு முழுதும் இருண்டதாக அமைச்சர் தெரிவித்தார். உலகம் நகைத்தது. அடுத்த மார்ச் 15 அன்று காலை 8 மணி முதல் ஐந்து நிமிடம், பயிரழிக்கும் விலங்குகளின் கணக்கெடுப்பு நாடெங்கும் நடந்தது. குரங்கால் நாடு இருண்டது செய்தியாயிற்று. கம்பியில் கருகும் முசுக்கள் செய்தியாவதில்லை. குரங்கு என்ற ஒரே சொல்லில் பெருகியதும் அருகியதும் ஒன்றாகிவிடுகின்றன. பயிருக்குப் பகையென ஒன்றைச் சுட்டும் விரல் மற்றொன்றையும் சுட்டிவிடுகிறது.

செய்யவேண்டியவை பெரியவை அல்ல. சில இடங்களில் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றுப் பாலங்களை முசுக்கள் பயன்படுத்துகின்றன. கம்பிக்கு உறையிடலாம். வெட்டும் மரத்துக்கு ஈடாக வேலியோரம் ஒரு பலாவை நடலாம். புலவர்க்குரிய பணி இவற்றினும் முந்தியது. பெயர் அறிந்தவரே வேறுபாடு காண்பர். வேறுபாடு கண்டவரே இழப்பை உணர்வர். முசு என்ற சொல்லை அகராதியிலிருந்து எடுத்து மீண்டும் கவிதையில் வழங்குவது அப்பணியின் தொடக்கம். கபிலரின் கண் முறிந்த கொம்பின் பக்கம் நின்றது. இன்றைய கவிஞரின் கண் கம்பியைப் பற்றப்போகும் அந்தக் கையின் பக்கம் நிற்கட்டும்.