இலவச மென்பொருளை நம்பலாமா?

(இளைஞர் கழகத்தினருக்கும் பெற்றோருக்கும் சிறுவர் அபிவிருத்தி நிலையத்தில் நடந்த கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

மலையில் இருந்து இறங்கி, கால் நீட்டி ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கவும் நேரம் இல்லாமல் வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

கொஞ்ச நாளாக நம்ம பிள்ளைகள் போனை நீட்டி எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சார், டிசைன் செய்ற சொப்ட்வெயார் ஒண்ணு ஃப்ரீயா தாறாங்களாம். லிங்க் வந்திருக்கு. இறக்கலாமா?" பின்னால் நிற்கிற அம்மா கேட்கிறார், "அது என்னங்க ஐயா சாமான்?" என்று.

அம்மாவுக்கு முதலில் சொல்லிவிடுவோம். கல்யாண அழைப்பிதழ், பிள்ளை பெரியவளான சடங்குக்கு அடிக்கிற பேனர், கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், இதையெல்லாம் கணனியில் வரைந்து எடுக்கிற கருவிதான் அது. மண்வெட்டி, கவ்வாத்துக் கத்தி மாதிரி அதுவும் ஒரு தொழில் ஆயுதம். ஓ.எல். எழுதிவிட்டு லயத்தில் இருக்கிற பிள்ளைக்கு, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தே நாலு காசு பார்க்க வழி காட்டுகிற தொழில். ஆனால் பெரிய கம்பனிகளின் முழுத் தொகுப்புக்கு மாதா மாதம் கட்டணம் கட்ட வேண்டும். கொழுந்து பறிக்கிற ஒருவரின் பல நாள் சம்பளம் அதற்கே போய்விடும். அதனால் "இலவசம்" என்றதும் பிள்ளையின் கண் விரிகிறது. அதைப் பேராசை என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

இலவசம் என்ற வார்த்தை நம்ம சனத்துக்குப் புதிதும் அல்ல. தேயிலைத் தூருக்கடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தானே நம்ம பாட்டன் பூட்டனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்? வழிச்செலவைக் கங்காணி பார்த்துக்கொள்வார், கையில் முன்பணம் தருவார். இங்கே வந்து பார்த்தால் அத்தனையும் பற்றில் ஏறியிருந்தது. அந்தக் கடனை எழுதிய "துண்டு" இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியவில்லை. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ஆகவே ஒருவன் சும்மா தருகிறான் என்றால், ஏன் தருகிறான், செலவு யாருடையது என்று கேட்கிற உரிமை மற்ற யாரையும் விட நமக்கு அதிகம்.

அதற்காக இலவசம் எல்லாமே மோசடி என்று கதவைச் சாத்திக்கொள்ளவும் கூடாது. நல்ல இலவசங்கள் இருக்கின்றன.

"கிம்ப்" என்று ஒரு மென்பொருள், படம் திருத்துவதற்கு. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1995இல் செய்யத் தொடங்கி, 1996இல் வெளியே விட்டார்கள். பிறகு பல நாட்டுக்காரர்கள் கை கொடுத்தார்கள். நம்ம ஊரில் கோயிலுக்குச் சிரமதானம் செய்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பதிப்பு 2025 மார்ச்சில் வந்தது. அதன் உரிமப் பத்திரமே சொல்கிறது: யாரும் பாவிக்கலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், அதை வைத்துத் தொழில் செய்து காசும் வாங்கலாம். அப்படிக் கொடுத்த பதிப்பைப் பிறகு பிடுங்கவும் முடியாது. எழுத்தும் கோடும் வரைய "இன்க்ஸ்கேப்" 2003இல் இருந்து அதே விதமாகக் கிடைக்கிறது. இரண்டிலும் யூனிகோட் தமிழ் கொம்பு, கால் உடையாமல் வரும். பாமினி எழுத்தில் மட்டும் தட்டெழுதிப் பழகிய தம்பிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வகை, கம்பனி கொடுக்கிற இலவசம். இதற்கு ஒரு புதுக் கதை இருக்கிறது. இங்கிலாந்தில் சேரிப் என்ற கம்பனியின் "அபினிட்டி" மென்பொருளை ஒரே தடவை காசு கட்டி வாங்கலாம், மாதக் கட்டணம் கிடையாது. அதனால் பலருக்கு அது பிடித்திருந்தது. 2024 மார்ச்சில் அவுஸ்திரேலியாவின் கென்வா கம்பனி சேரிப்பை வாங்கியது. 2025 ஒக்டோபர் தொடக்கத்தில் திடீரென்று விற்பனையை நிறுத்திவிட்டு, மாதக் கடைசியில் ஒரு அறிவிப்பு வரும் என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டார்கள். என்ன மர்மமோ என்று வாங்கினவர்கள் எல்லாம் குழம்பினார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி பார்த்தால், முன்பு மூன்றாக இருந்ததை ஒன்றாக்கி, இனி இலவசம் என்றார்கள்.

இது பொய் அல்ல, உண்மையான இலவசம்தான். ஆனால் கென்வாவில் கணக்குத் திறக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு வேலைகள் வேண்டுமென்றால் கென்வாவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். கம்பனியின் கணக்கு விளங்குகிறதுதானே? இன்றைக்கு இலவசமாகப் பழகுகிறவர்களில் கொஞ்சப் பேராவது நாளைக்குக் கட்டண வாடிக்கையாளர் ஆவார்கள். டவுனில் புதுக் கடை திறக்கிற அன்று ரொபி கொடுப்பதில்லையா, அந்த மாதிரி. ரொபியை வாங்கலாம், தப்பில்லை. நாங்கள் சொல்வது ஒன்றுதான்: கம்பனி நாளைக்கு மனம் மாறினாலும் உங்கள் வேலை உங்கள் கையில் இருக்க வேண்டும். செய்து முடிக்கிற ஒவ்வொரு அழைப்பிதழையும் பி.டி.எப். ஆகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

இன்னொரு கதை கொஞ்சம் பழையது. 2013 ஜனவரியில் அடோபி கம்பனியின் சொந்த இணையத்தளத்திலேயே போட்டோஷொப் உட்பட ஒரு முழுத் தொகுப்பு, சாவி இலக்கத்தோடு, யாரும் இறக்கலாம் என்கிற மாதிரிக் கிடந்தது. 2005இல் வந்த "சி.எஸ். 2" என்ற பழைய பதிப்பு அது. அடோபி இலவசமாகக் கொடுக்கிறது என்று உலகம் முழுக்கச் செய்தி பரவி, ஆளுக்காள் இறக்கினார்கள். நடந்தது வேறு. அந்தப் பழைய பதிப்பை இயங்கவைக்க அனுமதி கொடுக்கிற கணனியை அடோபி நிறுத்திவிட்டது. முன்பு காசு கொடுத்து வாங்கியவர்கள் நடுவழியில் நிற்கக்கூடாது என்பதற்காக அவர்களுக்கென்று வைத்த ஏற்பாடுதான் அது. இது இலவசம் அல்ல, வாங்கியவர்களுக்கு மட்டும்தான் என்று அடோபி பிறகு அறிவித்தது. கதவு சரியான கதவு, சாமானும் சுத்தமான சாமான், ஆனால் எடுக்கிற உரிமை எல்லாருக்கும் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து கிடந்தால் உள்ளே போய்ச் சட்டியைத் தூக்கலாமா? நிபந்தனையை வாசிக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். ஆங்கிலம் விளங்காவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.

இனி வருவதுதான் கெட்ட பகுதி. தாய்மாரும் கவனமாகக் கேளுங்கள்.

நல்ல சாமானின் பெயரைச் சொல்லிக்கொண்டே கள்ளன் வருவான். 2022 ஒக்டோபரில் கூகுளில் கிம்ப் என்று தேடியவர்களுக்கு மேலே ஒரு விளம்பரம் வந்தது. அதில் தெரிந்தது கிம்ப்பின் சரியான முகவரி. அழுத்தினால் போனது எழுத்துக் கொஞ்சம் மாறிய வேறொரு தளத்துக்கு, பார்வைக்கு அச்சு அசல் அதே மாதிரி. அங்கிருந்து இறங்கிய கோப்பு சுமார் 700 எம்.பி. உள்ளே இருந்த திருட்டு நிரல் 5 எம்.பி.கூட இல்லை. மிச்சம் எல்லாம் வெறும் நிரப்பல், கொழுந்துச் சாக்கில் தண்ணீர் தெளித்து நிறை கூட்டுகிற மாதிரி! கணனியில் சேமித்து வைத்திருக்கிற பாஸ்வேர்ட்களைச் சுருட்டிக்கொண்டு போகிறதுதான் அந்த நிரலின் வேலை. 2025 மே மாதத்தில் இன்னொரு வகை வெளிப்பட்டது. செயற்கை நுண்ணறிவால் படமும் வீடியோவும் இலவசமாகச் செய்து தருகிறோம் என்று பேஸ்புக்கில் விளம்பரம். உங்கள் படத்தை ஏற்றினால் வீடியோ என்று ஒரு கோப்புத் தருவார்கள். பெயரின் நடுவில் "எம்.பி. 4" என்று இருக்கும், கடைசியில் "இ.எக்ஸ்.இ." என்று முடியும். அந்தக் கடைசி மூன்று எழுத்துத்தான் உண்மை. அது வீடியோ அல்ல, ஓடுகிற நிரல்.

"கிராக்" என்று பிள்ளைகள் சொல்கிறதும் இதே சாதிதான். காசு கட்ட வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்து, இலவசம் என்று போடுகிறார்கள். நம்ம நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி மென்பொருளுக்கும் பதிப்புரிமை உண்டு. ஆனால் சட்டத்தை விடுங்கள், அதோடு ஒட்டிக்கொண்டு வருவதைப் பாருங்கள். 2018க்குப் பிறகு பரவிய "ஸ்டொப்" என்ற பூட்டு வைரஸ் பெரும்பாலும் இந்தக் கிராக் கோப்புகளில் இருந்துதான் ஏறியது. கல்யாணப் படம், பிள்ளையின் சான்றிதழ் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்கும். கிராக் கோப்புக்குள்ளே ஒரு குறிப்பு இருக்கும், "முதலில் வைரஸ் காவலை நிறுத்து" என்று. வீட்டுக்கு வருகிறவன் "நாயைக் கட்டி வை" என்றால் பரவாயில்லை. நாயைக் கட்டு, விளக்கை அணை, கண்ணையும் மூடு என்றால்? சில கோப்புகளுக்குப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி, அந்தப் பாஸ்வேர்டையும் பக்கத்திலேயே எழுதித் தருவார்கள். காவல் மென்பொருள் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

ஒரு பெரியவர் கேட்டார், "நம்மகிட்ட என்னங்க இருக்கு திருட?" என்று. ஐயா, நிறைய இருக்கிறது. ஒரு லயத்தில் ஒரு கணனி என்றால் அது ஒரு வீட்டுச் சாமான் அல்ல. மத்திய கிழக்குக்குப் போக அக்கா கொடுத்த பாஸ்போர்ட் பிரதி, ஈ.பி.எப். பத்திரத்துக்கு ஸ்கேன் செய்த அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் அதில்தான் கிடக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற மகளோடு பேசுகிற வட்ஸ்அப்பும் அதில் திறந்திருக்கும். அதைக் கைப்பற்றியவன் உங்கள் பெயரில் அந்த மகளுக்கே செய்தி போடுவான்: "அம்மாவுக்குச் சுகமில்லை, இந்தக் கணக்குக்குக் காசு போடு." அங்கே வீட்டு வேலை செய்து சேர்த்த பணம் ஒரு நிமிஷத்தில் போய்விடும்.

ஆகவே லிங்க் வந்தால் அதை அழுத்த வேண்டாம், அனுப்பியவர் சொந்த அண்ணனாக இருந்தாலும். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, மேலே வருகிற விளம்பரத்தைத் தாண்டி, செய்தவர்களின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கிம்ப் என்றால் கிம்ப் டொட் ஓர்க், இன்க்ஸ்கேப் என்றால் இன்க்ஸ்கேப் டொட் ஓர்க். அந்தச் சொந்தத் தளத்தில் இலவசம் என்ற பேச்சே இல்லையென்றால் லிங்க் பொய். பேர் போன களஞ்சியத் தளங்களையும் கண்ணை மூடி நம்ப முடியாது. "சோர்ஸ்போர்ஜ்" என்ற தளம் 2015இல் கிம்ப்போடு வேறு விளம்பரச் சாமான்களையும் கட்டி இறக்கிக் கொடுத்துப் பேரைக் கெடுத்துக்கொண்டது. 2016இல் கைமாறிய பிறகுதான் அந்தப் பழக்கத்தை விட்டது. வங்கி அட்டை இலக்கமோ போனுக்கு வருகிற ஓ.டி.பி.யோ கேட்டால் உடனே மூடிவிடுங்கள். இலவசத்துக்கு எதற்கு அட்டை?

பழைய கணனி வைத்திருக்கிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 7இல் புதுக் கிம்ப் ஓடாது. அதற்காக வேறெங்கும் தேடி அலைய வேண்டாம். 2.10 என்ற முந்திய பதிப்பு கிம்ப்பின் சொந்தத் தளத்திலேயே இருக்கிறது.

ஏற்கனவே ஏதாவது ஏற்றிவிட்டுப் பயந்துகொண்டு இருக்கிறவர்கள் யாராவது இங்கே இருக்கலாம். பயத்தில் மறைக்காதீர்கள். கணனியை இணையத்தில் இருந்து கழற்றுங்கள். வேறொரு போனில் இருந்து பாஸ்வேர்ட்களை மாற்றி, எல்லா இடத்திலும் வெளியேறுகிற பொத்தானை அழுத்துங்கள். வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தில் தெரியாத கணனி இருந்தால் நீக்குங்கள். வங்கிக் கணக்குத் தொடர்புபட்டிருந்தால் வங்கிக்கு அன்றைக்கே சொல்லுங்கள். இப்படியான முறைப்பாடுகளுக்கு "இலங்கை சேர்ட்" என்ற அரச நிறுவனம் இருக்கிறது, கடிதம் எழுத நாங்கள் உதவுவோம். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை வந்து சொன்னால் முதலில் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த தடவை சொல்லாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே நிலையத்தில் கிம்ப்பையும் இன்க்ஸ்கேப்பையும் சொந்தத் தளத்தில் இருந்து இறக்கி ஏற்றிக் காட்டுவோம். லெப்டொப் உள்ளவர்கள் கொண்டு வரட்டும், டேட்டாச் செலவு நலன்புரிப் பிரிவுடையது. பென்டிரைவ் கொண்டு வர வேண்டாம். அதில் இருக்கிற வைரஸ்களைப் பற்றிப் பேச இன்னொரு நாள் வேண்டும்.