காரியாபட்டிக்குப் போன கோப்பை



2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு இரண்டு தேசியக் கோப்பைகள் வந்தன. மார்ச் மாதத்தில் ஆடவர் ஐ-லீக் கோப்பையைச் சென்னை சிட்டி அணி வென்றது. மே 22ஆம் தேதி, பஞ்சாபின் லூதியானாவில், இந்திய மகளிர் லீக் கோப்பையைச் சேது எஃப்.சி. வென்றது. முதல் செய்தி பலருக்கு நினைவிருக்கும். இரண்டாவதைப் பற்றிச் செங்கல்பட்டு ரயில் நிலைய நடைமேடையில் பத்துப் பேரைக் கேட்டால், ஒருவராவது தலையாட்டுவாரா என்பது சந்தேகம்தான்.

சேது எஃப்.சி. எந்த ஊர் அணி? மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில், அருப்புக்கோட்டைக்கு முன்னால் வரும் பேரூராட்சி காரியாபட்டி. விருதுநகர் மாவட்டம். கரிசல் மண், சீமைக்கருவேலம், நாற்கரச் சாலையில் துறைமுகத்துக்கு ஓடும் லாரிகள். பக்கத்தில் புல்லூரில் சேது பொறியியல் கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரியின் நிழலில்தான் இந்தக் கழகம் வளர்ந்தது. சீனி மொகைதீன் இதன் தலைவர். காரியாபட்டி, கால்பந்து என்றதும் நமக்குத் தோன்றும் சென்னையின் வியாசர்பாடியோ, குமரிக் கடற்கரையின் தூத்தூரோ இல்லை. கிரிக்கெட் மட்டையும் கபடிக் கோடும் ஆண்டுகொண்டிருந்த வட்டாரம் அது.

மகளிர் லீக் தொடங்கியதே 2016-17 பருவத்தில்தான். முதல் கோப்பை மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனுக்குப் போனது. அடுத்த ஆண்டு, 2018இல், ஷில்லாங்கில் ஏழு அணிகள் ஆடின. அந்த ஏழில் இரண்டு தமிழ்நாட்டு அணிகள்: ஒன்று காரியாபட்டியின் சேது, இன்னொன்று கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டுக் கல்விக் கழகம். சென்னையிலிருந்து ஒன்றுகூட இல்லை! இத்தனை மைதானங்களும் பணக்காரக் கம்பெனிகளும் உள்ள தலைநகரம் பெண்களுக்காக ஓர் அணியை அனுப்பவில்லை. இதை நான் குற்றச்சாட்டாகவே சொல்கிறேன்.

கடலூரை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, புதுச்சேரியைத் தாண்டினால் கடலூர். செங்கல்பட்டு மாவட்டத்தாரான நமக்குப் பக்கத்துக் கடற்கரை. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் அந்த மாவட்டத்துப் பெண்கள். இருவரும் சேதுவின் ஜெர்சியையும் அணிந்திருக்கிறார்கள். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனதே, அந்த வெற்றிக்குப் பின்னாலும் கடலூர்ப் பெண்களின் கால்கள் உண்டு. சேது கழகத்தின் கதை காரியாபட்டியோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, கழகம் எப்படி நடக்கிறது? இதை அரைத் தொழில்முறைக் கழகம் என்பார்கள். ஆட்டம் பாதி, பிழைப்பு பாதி. ஐரோப்பாவில் ஒரு வீரர் ஆண்டு முழுக்கக் கழகத்தின் சம்பளத்தில் வாழ்கிறார். இங்கே தொடக்க ஆண்டுகளில் மகளிர் லீக் என்றால் ஒரே ஊரில் மூன்று நான்கு வாரம் நடக்கும் போட்டி. எல்லா அணிகளும் ஒரு நகரத்துக்குப் போய்த் தங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆடிவிட்டு ரயிலேறும். 2019இல் அது பஞ்சாபின் மே மாத வெயிலில் நடந்தது. அந்தச் சில வாரங்களுக்கு ஒரு பெண்ணுக்கு ஒப்பந்தம் உண்டு. மீதிப் பதினொரு மாதம்? கல்லூரியில் சீட்டு, விடுதியில் சாப்பாடு, காலையும் மாலையும் பயிற்சிக்கு ஒரு மைதானம், பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. இவை இருந்தால்தான் ஒருத்தி இருபது வயதுக்குப் பிறகும் பூட்ஸைக் கழற்றாமல் இருக்க முடியும். வீட்டில் கல்யாணப் பேச்சு எழும்போது, “டிகிரி முடிக்கட்டும்” என்ற ஒரு வரியே ஒரு நடுக்கள ஆட்டக்காரியைக் காப்பாற்றிவிடுகிறது.

இந்துமதியைப் பாருங்கள். அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் சென்னை அண்ணா நகரில் முகக்கவசத்தோடு வாகனங்களை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்த அந்தக் காக்கிச் சட்டைக்காரர், இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர் என்று எத்தனை பைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்?

2019 வெற்றிக்கு வருகிறேன். அந்த ஆண்டு பன்னிரண்டு அணிகள். சேதுவில் மணிப்பூரின் டாங்மெய் கிரேஸ் இருந்தார். நேபாளத்திலிருந்து சபித்ரா பண்டாரி வந்திருந்தார். அவர் ஒருவர் மட்டும் அந்தப் போட்டியில் 15 கோல் அடித்தார். போட்டியிலேயே அதிக கோல் அடித்தவர் மணிப்பூர் போலீஸின் பாலா தேவி. இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்றது சேது. ஆக, கோப்பை கரிசல் காட்டுக்கு வந்தது. கோல்களில் பெரும்பங்கு இமயமலைப் பக்கத்திலிருந்து வந்தது.

“வெளியூர்க்காரர்களை வைத்து ஜெயிப்பது ஒரு ஜெயிப்பா?” என்று கேட்பவர்கள் உண்டு. வேடந்தாங்கலில் பிறந்தவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. எங்கள் ஏரிக்குப் பருவத்தில் வந்து இறங்கும் கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் போகும்போது ஒன்றையும் எடுத்துப் போவதில்லை. அவற்றின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் எங்கள் வயலுக்கு உரம். சபித்ராவோடு தினமும் பயிற்சியில் மோதிய உள்ளூர்த் தடுப்பாட்டக்காரிக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடைத்திருக்காது.

ஆனால் வந்தவர்கள் போவார்கள் என்பதும் உண்மை. அடுத்த பருவத்தில் சபித்ரா கோகுலம் கேரளாவுக்கு ஆடினார். 16 கோல் அடித்தார். கோப்பை கேரளத்துக்குப் போனது. பிற்பாடு அவர் பிரான்ஸின் கங்கோம் கழகம்வரை போனார். காரியாபட்டியால் அவரைப் பிடித்து வைத்திருக்க முடியாது. சிறிய ஊர்க் கழகத்தின் தலையெழுத்து அது: ஒவ்வோர் ஆண்டும் அணியை அடியிலிருந்து கட்ட வேண்டும்.

கொரோனாவால் ஒரு பருவம் நடக்கவே இல்லை. பிறகு 2022, புவனேஸ்வரம், கலிங்கா மைதானம். பன்னிரண்டு அணிகளும் ஒன்றோடொன்று மோதின, நாக்-அவுட் கிடையாது. கடைசி நாளான மே 26 அன்று, அதுவரை தோல்வியே காணாத இரண்டு அணிகள் எதிரெதிரே நின்றன: கோகுலமும் சேதுவும். கோகுலத்துக்கு டிரா போதும். சேது ஜெயித்தே ஆக வேண்டும். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சேது முதல் கோலை அடித்துவிட்டது. அதோடு ஆட்டம் முடிந்திருந்தால்! முடிவு 3-1, கோகுலத்துக்குச் சாதகமாக. ஒரே ஒரு தோல்வி, அது கடைசி ஆட்டத்தில். அன்று சேதுவின் பயிற்சியாளர் கிறிஸ்பின் சேத்ரி. அவர் பின்னர் ஒடிசா அணிக்குப் போய் 2024இல் அதே லீக்கை வென்றார். 2025 ஜூலையில் இந்திய அணியைப் பயிற்றுவித்து, தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெறச் செய்தார்.

2023-24இல் லீக் மாறியது. ஒரே நகரத்துப் போட்டி போய், சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரணி ஊரில் ஓர் ஆட்டம் என்றானது. ஏழு அணிகள், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு ஆட்டங்கள். அதுதான் முறையான லீக், சந்தேகமில்லை. ஆனால் கணக்குப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்: ஆறு ஆட்டங்களுக்கு நாட்டின் மறுகோடிவரை பயணம், தங்கும் செலவு, சொந்த ஆட்டத்துக்கு விதிப்படியான மைதானம், ஆம்புலன்ஸ், ஒளிபரப்புக்கு ஏற்ற வசதி. ஐ.எஸ்.எல். கழகங்களின் பெண்கள் அணிகளுக்கு இது சில்லறைச் செலவு. கல்லூரிக் கழகத்துக்கு மூச்சு வாங்கும்.

இருந்தும் அடுத்த பருவத்திலும் சேது களத்தில் இருந்தது. அதே 2019இல் கோப்பை வென்ற சென்னை சிட்டி அணியோ 2021க்குப் பிறகு ஐ-லீகில் இல்லை. பெயரில் சென்னை இருந்தாலும் அது கோயம்புத்தூர் மைதானத்தில் ஆடிய அணி. வெளிநாட்டு வீரர்கள், முழுநேர ஒப்பந்தம், பத்திரிகைப் படங்கள் எல்லாம் இருந்தன. காலி மைதானத்திலும் ஓட வேண்டிய செலவு முழுநேரக் கழகத்துக்கு உண்டு. சேதுவுக்கு விடுதியும் மைதானமும் கழகத்துக்கு முன்பே இருந்தவை. ஒரே ஒரு நிறுவனத்தின் தயவில் நிற்பது ஆபத்துதான். நிர்வாகத்தின் மனம் மாறினால் அணி இல்லை. ஆனாலும் இதுவரை நின்றது எதனால் என்று கேட்டால், நான் கல்லூரி மெஸ்ஸைக் காட்டுவேன்.

நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வருவோம். மாமல்லபுரத்தில் எஃப்.சி. மெட்ராஸின் பயிற்சிக்கூடம் வந்திருக்கிறது. புல்தரை, விடுதி, பயிற்சியாளர்கள் என்று நல்ல வசதி. அது இளம் வீரர்களைச் செதுக்கும் இடம். இன்னொரு பக்கம், காட்டாங்கொளத்தூரிலிருந்து கேளம்பாக்கம்வரை பொறியியல் கல்லூரிகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மைதானம், ஒரு விடுதி, ஒரு மெஸ் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டும் கொடுக்கிறார்கள். மதுராந்தகத்துப் பள்ளி ஒன்றில் நன்றாகப் பந்து உதைக்கும் ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இவற்றில் எந்தக் கதவைத் தட்டுவாள்? இப்போதைக்கு அவள் காரியாபட்டிக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.