மொட்டை மாடி வேலையும் காண்ட்ராக்டர் கணக்கும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி ஊழியரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. அன்று தொடங்கிய கசிவை இதுவரை ஒட்டுப் போட்டே சமாளித்து வருகிறோம். மொட்டை மாடிக்கு வாட்டர் ப்ரூஃபிங், வெளிச்சுவருக்குப் பெயின்ட் என்று பெரிய வேலையாகவே செய்துவிடலாமா என்பதை அடுத்த பொதுக்குழு முடிவு செய்யும்.

இந்த மாதிரி வேலைக்குக் கொட்டேஷன் கேட்டால் தட்டாஞ்சாவடியில் மட்டுமல்ல, எங்கும் வரும் பதில் ஒன்றுதான். "பில் இல்லாம எட்டு லட்சம் சார். பில் வேணும்னா மேல பதினெட்டு பர்சென்ட்." உடனே நம் மனம் 1,44,000 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்கு சரிதானா என்று பார்ப்போம்.

முதலில் ஒரு வேறுபாடு. ஜிஎஸ்டி இல்லாத பில் வேறு, பில்லே இல்லாத வேலை வேறு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சிறு காண்ட்ராக்டர் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர் பெயர், பான் எண், வேலை விவரம் எழுதிக் கொடுக்கும் சாதாரண பில் முறையான பில்தான். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் நம்மிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. வழக்கமான பதிவு உள்ளவர்தான் 18 சதவீதம் போட வேண்டும்.

"பொருளுக்குத்தானே வரி, கூலிக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இது பழைய கேள்வி. கானன் டங்கர்லி என்ற கட்டுமான நிறுவனம் சென்னை மாகாண அரசோடு நடத்திய வழக்கில், கட்டட ஒப்பந்தத்திலிருந்து பொருளை மட்டும் பிரித்து விற்பனை வரி போட முடியாது என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1982-ல் அரசியல் சட்டத்தின் 46-வது திருத்தம் அதை மாற்றியது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு, பொருளும் கூலியும் சேர்ந்த கட்டட ஒப்பந்தம் முழுவதும் ஒரே சேவை, ஒரே வரி.

இப்போது அந்த எட்டு லட்சத்துக்கு வருவோம். அதில் சிமென்ட், கெமிக்கல், பெயின்ட் வகையில் காண்ட்ராக்டர் கடையில் கொடுப்பது 4,72,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 72,000 ஜிஎஸ்டி. (சிமென்டுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது.) பில் இல்லாமல் வேலை செய்தால் இந்த 72,000 அவருக்குத் திரும்பாது. ஆகவே அதை நம் எட்டு லட்சத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார். பில் போட்டால் அது அவருக்கு வரவாகக் கிடைத்துவிடும். அப்போது அவருடைய விலை 7,28,000 ஆக இறங்க வேண்டும். அதன் மேல் 18 சதவீதம் 1,31,040. மொத்தம் 8,59,040.

ஆக, வித்தியாசம் 1,44,000 அல்ல, 59,040. நம் 48 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 1,230 ரூபாய். பேரம் பேசும்போது "இன்புட் கிரெடிட் கழித்து விலை சொல்லுங்கள்" என்று கேட்டால் போதும்.

இந்த 1,230 ரூபாய்க்கு நமக்கு என்ன கிடைக்கிறது? அடுத்த ஆண்டே மாடி மறுபடி ஒழுகினால், வேலை செய்தவர் யார், எவ்வளவு வாங்கினார், என்ன உத்தரவாதம் தந்தார் என்பதற்குச் சான்று கிடைக்கிறது. ரொக்கமாகக் கொடுத்துவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் எதைக் காட்டுவது? ஆண்டுக் கணக்கில் அந்தச் செலவைப் பொருளாளர் எப்படி எழுதுவார்? மேலும், ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது சட்டப்படி குற்றம். வாங்கியவருக்கு அதே அளவு அபராதம்.

பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுச் சரிபாருங்கள். புதுச்சேரி எண் 34-ல் தொடங்கும், தமிழ்நாட்டு எண் 33-ல். விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக் காண்ட்ராக்டர் என்றால் ஐஜிஎஸ்டி போடுவார். வரி அதே 18 தான்.

அடுத்து டிடிஎஸ். பதிவு பெற்ற சங்கம் ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேலோ, ஆண்டில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேலோ காண்ட்ராக்டருக்குக் கொடுத்தால் பிடித்தம் செய்ய வேண்டும். தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கு 2 சதவீதம், பான் தராதவருக்கு 20 சதவீதம். ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதன் மேல் பிடிக்க வேண்டாம். நம் உதாரணத்தில் 7,280 ரூபாய். அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. காலாண்டு விவரத்தைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய வருமான வரிச் சட்டத்தில் 194சி என்ற பழைய பிரிவு எண்தான் மாறியது. இந்த விகிதங்கள் மாறவில்லை.

டிடிஎஸ் என்றதும் காண்ட்ராக்டர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆண்டு வரவு 2 கோடி வரை உள்ள தனிநபர் காண்ட்ராக்டர் முழுக் கணக்குப் புத்தகம் எழுதாமல் அனுமான வருமானம் காட்டலாம். ரொக்க வரவில் குறைந்தது 8 சதவீதம், வங்கி வழி வரவில் 6 சதவீதம். வங்கி வழியாக 40 லட்சம் வாங்கியவருக்கு வருமானம் 2,40,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. வேறு வருமானம் இல்லையென்றால், ரிட்டர்ன் போட்டு நாம் பிடித்த பணத்தை முழுவதும் திரும்பப் பெறலாம்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது நான் பார்த்தது இது. கலவை இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு மேஸ்திரிகள் வருவார்கள். கை நிறைய வேலை இருக்கும், காட்டுவதற்கு ரிட்டர்ன் இருக்காது. கடன் கிடைக்காமல் கந்து வட்டிக்குப் போவார்கள். பில் போட்டு வாங்கும் பணம் அவர்களுக்கும் முதலீடுதான்.

கடைசியாக, அட்வான்ஸ். காண்ட்ராக்டர் கணக்கில் அட்வான்ஸ் என்பது வருமானம் அல்ல, வேலை செய்து தீர்க்க வேண்டிய பொறுப்பு. வேலைவாரியாகக் கணக்கு வைக்காதவர் நம் அட்வான்ஸை எடுத்து வேறொருவர் வீட்டு வேலையை முடிப்பார், நம் வேலை நிற்கும். எனவே அட்வான்ஸைக் குறைவாகக் கொடுத்து, மீதியை வேலை முடிந்த அளவுக்குக் கட்டம் கட்டமாகக் கொடுப்போம். 5 சதவீதத்தை ஒரு வடகிழக்குப் பருவமழை தாண்டும் வரை பிடித்து வைப்போம். ஆனால் மழை முடிந்து கசிவு இல்லை என்றால் அதை உடனே கொடுத்துவிட வேண்டும். முழுக் கணக்கு எழுதும் காண்ட்ராக்டர், கைக்கு வராத அந்தப் பிடித்தத் தொகையையும் வருமானத்தில் சேர்த்தே வரி கட்டுகிறார்.

ஆகவே நான் பொதுக்குழுவிடம் கேட்டுக்கொள்வது மூன்று. பில் இல்லாத கொட்டேஷனைப் பரிசீலிக்க வேண்டாம். வங்கி வழியாக மட்டுமே பணம் கொடுப்போம். கட்டங்களையும் பிடித்தத் தொகையையும் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிவிடுவோம்.