கெல்லி கோட்டையும் மாரியம்மன் கோயிலும்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு எங்கே போகலாம் என்று யோசிக்கிறீர்களா? பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால், சுமார் இரண்டு மணி நேரத்தில் பேராக்கின் கோப்பெங். அங்கிருந்து பத்து காஜா செல்லும் சாலையோரம் நிற்கிறது கெல்லி கோட்டை.

ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித், ரப்பர் தோட்ட முதலாளி. 1915-இல் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து கப்பலேறின. கட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மின்தூக்கிக்குக்கூட இடம் விட்டிருந்தார்கள். 1926-இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு அவர் இறந்தார். கட்டடம் அரைகுறையாகவே நின்றுவிட்டது.

பலர் கோட்டையைச் சுற்றிப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அருகிலுள்ள மாரியம்மன் கோயிலுக்கும் அவசியம் போங்கள். கட்டுமானத்தின்போது விஷக்காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் மடிந்தார்கள். அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று எஞ்சியவர்கள் கேட்க, ஸ்மித் இசைந்தார். கோயில் கூரையிலுள்ள சிலைகளுக்கிடையே ஒரு வெள்ளைக்காரர் நிற்பார். அவர்தான் ஸ்மித். அந்தச் சிலையைக் காட்டும்போது, செங்கல் சுமந்த நம்மவர்களைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.