உப்புத் தொட்டியைக் கவனியுங்கள்



“சாஃப்ட்னருக்கு உப்பு போட்டுக்கிட்டேதான் இருக்கோம், சோப்பு நுரைக்க மாட்டேங்குது” என்கிறீர்கள். (எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.) மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் உப்புத் தொட்டிக்குள் ஒரு மரக்கம்பை விட்டுப் பாருங்கள். பாதியில் தட்டினால், மேலே உப்பு பாளமாய் இறுகி, அடியில் வெறுமையாய் இருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊறாமல் உள்ளேயிருக்கும் ரெசின் மணிகள் எப்படிச் சுத்தமாகும்? பாளத்தை மெதுவாக உடையுங்கள். தொட்டிச் சுவரில் இடிக்காதீர்கள். சில மணி நேரம் கழித்து ரீஜெனரேஷனில் ஒருமுறை ஓட்டுங்கள். பொடி உப்பு சீக்கிரம் கட்டிக்கொள்ளும், போடாதீர்கள்.

இன்னொன்று. சாஃப்ட்னர் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது, கிருமியைக் கொல்லாது. இரத்தக் கொதிப்புள்ள பெரியவருக்கும், குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவும், சாஃப்ட்னரில் சேராத குடிதண்ணீர்க் குழாயில் பிடித்து, நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள்.