மூச்சுக்கு வழி விடுங்கள்



சாலையோரத்தில் ஒருவர் நினைவிழந்து மல்லாந்து கிடக்கிறார். மூச்சோடு கொரகொரவென்று ஒரு சத்தம் வருகிறது. சுற்றி நிற்பவர்களில் ஒருவர், "குறட்டைதான் விடுறார், ஒண்ணும் ஆகாது" என்கிறார். இன்னொருவர், "சோடா வாங்கிட்டு வாங்கப்பா" என்கிறார். இருவருக்குமே நல்ல மனசுதான். ஆனால் அந்தச் சத்தம், மூச்சுப் போகும் வழி பாதி அடைபட்டுவிட்டது என்பதற்கு அடையாளம். அப்போது வாயில் ஊற்றும் சோடா மீதிப் பாதியையும் அடைத்துவிடலாம்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை இந்த மூச்சுவழியை எப்படித் திறந்து வைப்பது? சிலரிடம் மட்டும் அது ஏன் அவ்வளவு சிரமமாகிறது? இன்றைய உரை அதைப் பற்றியதுதான்.

நினைவோடு இருக்கும்வரை நாக்கையும் தொண்டையையும் தசைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. நினைவு தப்பியதும் அவை தளர்ந்துவிடும். மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை மூடும். இருமவும் முடியாது, விழுங்கவும் முடியாது. எனவே எச்சில், இரத்தம், வாந்தி எதுவானாலும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆக்சிஜன் அடியோடு நின்றுபோனால் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை கெடத் தொடங்கும்.

1950களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பீட்டர் சஃபார் என்ற மயக்கவியல் மருத்துவர் ஒரு சோதனை செய்தார். தாமாக முன்வந்தவர்களுக்கு மருந்து கொடுத்துத் தசைகளைத் தளர வைத்துப் பார்த்தார். தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையைத் தூக்கினாலே, சரிந்த நாக்கு விலகி வழி திறந்துகொள்கிறது என்று அவர் காட்டினார். கழுத்தில் அடிபட்டிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால், பயிற்சி பெற்றவர்கள் தலையைச் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்னால் தள்ளுவார்கள். எத்தனையோ கருவிகள் வந்த பிறகும் மூச்சுவழிச் சிகிச்சையின் முதல் படி இன்றைக்கும் இதுதான்.

அடுத்த படி, முகமூடியை முகத்தில் வைத்துப் பையை அழுத்திக் காற்றுக் கொடுப்பது. அரசு மருத்துவமனை வார்டில் உறவினருக்குத் துணையிருந்தவர்கள் "ஆம்பு பேக்" என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகளுக்கு மருத்துவ மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்துக் கையால் பையை அழுத்தி உயிர் காத்தார்கள். அதே நாட்டில் 1956இல் ஹென்னிங் ரூபன் என்ற மருத்துவரும் ஹோல்கர் ஹெஸ்ஸே என்ற பொறியாளரும், அழுத்தி விட்டதும் தானாகவே உப்பிக்கொள்ளும் பையை உருவாக்கினார்கள். அதுதான் ஆம்பு.

மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்த "டியூப் போடுவது". குரல்நாண்களுக்கு இடையே குழாயைச் செலுத்தி மூச்சுக்குழாய்க்குள் நிறுத்துவார்கள். மருத்துவமனையில் இதற்கு இடுப்புயர மேசை உண்டு, விளக்கு உண்டு, கூப்பிட்டால் ஓடிவர இன்னொரு மருத்துவர் உண்டு. தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸில் வருவது ஒரு மருத்துவ உதவியாளரும், பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநரும்தான். நோயாளி பள்ளத்தில் கிடப்பார், அல்லது நசுங்கிய காருக்குள் இருப்பார். கழுத்தில் பட்டை போட்டிருக்கும். வாய் நிறைய இரத்தம் இருக்கும். அடர்ந்த தாடி இருந்தால் முகமூடி முகத்தோடு ஒட்டாமல் காற்று கசியும். பல் இல்லாத முதியவரின் கன்னம் குழிந்து போவதாலும் அப்படித்தான். குட்டைக் கழுத்து, சிறிய தாடை, பருத்த உடல் என்று ஒவ்வொன்றும் சிக்கலைக் கூட்டும். கவனம் தப்பிக் குழாய் உணவுக்குழாய்க்குள் போய், அது தெரியாமலும் போனால், காற்று வயிற்றுக்குத்தான் போகும், நோயாளி இறந்துவிடுவார். வெளியே வரும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறதா என்று காட்டும் கருவியை உலகெங்கும் வலியுறுத்துவது இதனால்தான்.

அப்படியானால் டியூப் போடத்தான் வேண்டுமா? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ், ஆரஞ்சு மாவட்டங்களில் 830 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. ஆம்புலன்ஸில் முகமூடியும் பையும் கொண்டு காற்றுக் கொடுக்கப்பட்ட பிரிவைவிட, டியூப் போடும் பிரிவில் உயிர் பிழைப்பது கூடவில்லை. டியூபுக்கும் முகமூடிக்கும் நடுவே இன்னொரு வழியும் உண்டு. 1981இல் பிரிட்டனின் ஆர்ச்சி பிரெய்ன் என்ற மருத்துவர், குரல்வளையின் வாசலில் கவிந்து உட்காரும் ஒரு சிறு முகமூடியை உருவாக்கினார். அந்த வகைக் கருவியை வாய்வழியே சில நொடிகளில் பொருத்திவிடலாம். இங்கிலாந்தில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோன 9,296 பேரிடம் இந்த வகைக் கருவி ஒன்றையும் டியூபையும் ஒப்பிட்டார்கள். முடிவு 2018இல் வந்தது. நல்ல நிலையில் மீண்டவர்கள் ஒரு பக்கம் நூற்றுக்கு 6.4, மறுபக்கம் 6.8. பெரிய வேறுபாடு இல்லை.

டியூபே வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. தீ விபத்தில் சூடான புகையைச் சுவாசித்தவருக்குத் தொண்டை நேரம் ஆக ஆக வீங்கி மூடும். அவருக்கு டியூப் சீக்கிரமே தேவைப்படும். எந்த வழியும் பலிக்காதபோது, கழுத்தின் முன்புறம் குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே கீறி வழி உண்டாக்குவதும் உண்டு. அது அந்தப் பயிற்சி பெற்றவர்கள் கைக்கு மட்டும் உரியது. ஆனால் இந்த ஆய்வுகள் சொல்லும் பாடம் தெளிவானது. எந்தக் கருவி என்பதைவிட, ஆக்சிஜன் உள்ளே போகிறதா என்பதே கேள்வி. ஒரு முயற்சி தோற்றால் அதையே பிடித்துக்கொண்டு நிமிடங்களைக் கரைக்காமல் அடுத்த வழிக்கு மாறுவதுதான் திறமை. குழாய் கையில் இருக்கிறது என்பதற்காகவே போட்டுப் பார்ப்பது திறமையாகாது.

இதில் நம் பங்கு என்ன? நினைவில்லாதவர் வாயில் தண்ணீர், சோடா எதையும் ஊற்றாதீர்கள். அவர் சீராக மூச்சு விட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நாக்கு முன்னால் விழும், வாந்தியும் வெளியே வடியும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். வலிப்பு அடங்கியதும் அவரையும் ஒருக்களித்து விடுங்கள். பூச்சிமருந்து உள்ளே போனவருக்குச் சோப்புத் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த வாந்தியே மூச்சுவழியை அடைக்கும். விபத்தில் விழுந்தவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், முன்கண்ணாடியைத் தூக்கினால் போதும். மூச்சில்லை என்றால் கழற்றித்தான் ஆகவேண்டும்; ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்க, மற்றவர் மெதுவாக உருவ வேண்டும்.

தொண்டையில் உணவு சிக்கி, பேசவும் இருமவும் முடியாமல் தவிப்பவரை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்டுங்கள். வெளியே வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள். ஒரு வயதுக்குள்ளான குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயிற்றை அழுத்தக் கூடாது; நெஞ்சைத்தான் அழுத்த வேண்டும்.

மூச்சே இல்லாமலோ, நீண்ட இடைவெளி விட்டுத் திணறித் திணறி வாங்கிக்கொண்டோ இருந்தால், இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொண்டு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.

ஆம்புலன்ஸை அழைக்கும் எண் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. அழைத்ததும் இடத்தைச் சொல்லுங்கள். நினைவு இருக்கிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வருபவர்கள் எதற்குத் தயாராக வர வேண்டும் என்பதை உங்கள் அந்தப் பதில்தான் தீர்மானிக்கும்.